புதுத்தொழில் நிறுவனருக்குத் தொழில் உறவுகள்: கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கருவியோ மென்பொருளோ செய்து விற்கும் சின்ன ஸ்டார்ட்அப்களை மனத்தில் வைத்து எழுதியது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம்: நூற்பாலையில் மின்செலவை அளந்து சொல்லும் ஒரு கருவி.

முதல் ஆண்டில் யார் யாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

பன்னிரண்டு, பதினைந்து பேர் போதும். வாங்கக்கூடிய ஆலைகளில் நாலைந்து பேர். அதில் முதலாளியோடு மின்பராமரிப்புப் பொறுப்பாளரும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலை இருபது வருடமாகப் பார்த்தவர் ஒருவர். சர்க்யூட் போர்டு அசெம்பிள் செய்பவர், ஷீட் மெட்டல் பெட்டி அடிப்பவர், ஆடிட்டர். உங்களைவிட இரண்டு வருடம் முன்னால் கிளம்பிய நிறுவனர்கள் இருவர். முதலீட்டாளர் இந்த வரிசையில் கடைசி. ஓடுகிற கருவியும் காசு கொடுத்த ஓர் ஆலையும் இருந்தால் அவரைச் சந்திக்கும் வழி தானாகத் திறக்கும். அவை இல்லாமல் பத்து முதலீட்டாளரைத் தெரிந்திருந்தும் பயனில்லை.

ஆட்களை எங்கே பிடிப்பது என்றால், ஆலைக்காரர்கள் ஏற்கெனவே கூடும் இடத்தில். கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா ஆய்வு நிறுவனம், 1933-இல் தொடங்கிய ஆலைகள் சங்கமான சைமா, சிறுதொழிலுக்குக் கொடிசியா. பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ் போன்ற, புது நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர்களில் சக நிறுவனர்கள் கிடைப்பார்கள். வாடிக்கையாளர் கிடைப்பது அரிது. புதியவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டு கொடுத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

இதுவும் மொய் மாதிரிதானே? செய்தவருக்குத் திருப்பிச் செய்வது?

பாதிதான் சரி. மொய்யில் எழுதியவருக்கே, எழுதிய தொகைக்குக் குறையாமல் திரும்பப் போகும். தொழிலில் உதவி வந்த வழியே திரும்புவதில்லை. உங்களுக்கு வழிகாட்டிய ஓய்வுபெற்ற மில் மேலாளருக்கு உங்களால் அதே அளவு எதுவும் செய்ய முடியாது. அவர் எதிர்பார்ப்பதும் இல்லை. தான் சொன்னதை நீங்கள் செய்து பார்த்தீர்களா, என்ன ஆனது என்று தெரிந்தால் அவருக்குப் போதும். அதைச் சொல்லாமல் விடுவதுதான் உறவு அறுவதற்குப் பெரிய காரணம்.

மொய்யிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நோட்டை. யார் என்ன செய்தார், நாம் என்ன சொல்லியிருக்கிறோம், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவைக்க ஓர் எக்செல் தாள் போதும். ஐந்து கட்டங்கள்: பெயர், கடைசியாகப் பேசிய நாள், அவர் செய்தது, நாம் தருவதாகச் சொன்னது, அதன் கெடு. திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் அதைப் பார்த்து, கெடு தாண்டியதை அன்றே முடியுங்கள். இதற்கென மாதக் கட்டணம் கட்டி மென்பொருள் வாங்குவது 50 பெயருக்குக் கீழே வீண்.

முன்பின் தெரியாத ஆலை முதலாளிக்கு முதல் செய்தி எப்படி எழுதுவது?

ஆறு வரிக்குள். ஒரே ஒரு கேள்வி. அவர் ஆலையைப் பற்றி நீங்கள் ஏதோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும். இப்படி:

"வணக்கம் சார். நூற்பாலைகளில் கம்ப்ரசர் மின்செலவை அளக்கும் கருவி செய்கிறோம். உங்கள் ஆலையில் மூன்று கம்ப்ரசர் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். இரவு ஷிஃப்டில் காற்றுத் தேவை குறையும்போது அதில் ஒன்றை நிறுத்துகிறார்களா என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் வேண்டும். இப்போது விற்பதற்காக வரவில்லை. புதன் அல்லது வெள்ளி மாலை 4 மணிக்கு ஆலைக்கே வருகிறேன். உங்களுக்கு நேரமில்லை என்றால் எலக்ட்ரிகல் பார்ப்பவரிடம் பேச அனுமதித்தாலும் போதுங்க சார்."

கடைசி வரி முக்கியம். முதலாளி மறுக்காமல் தள்ளிவிடக்கூடிய ஒரு வழியை அது தருகிறது. அந்த வழிதான் உங்களுக்கும் வேண்டியது. "விற்பதற்காக வரவில்லை" என்று எழுதிவிட்டு விலைப்பட்டியலோடு போய் நின்றால் கதவு அதோடு சாத்தப்படும். பதில் வரவில்லையா, ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மூன்று வாரம் கழித்துப் புதிய தகவல் ஏதாவது இருந்தால் இன்னொரு முறை. அதோடு நிறுத்துங்கள்.

பொதுவான ஒருவர் மூலம் அறிமுகம் கேட்பதில் முறை உண்டா?

உண்டு. "அவரைத் தெரியுமா? சொல்லிவிடுங்களேன்" என்று கேட்டால் எழுதும் வேலை முழுக்க அவர் தலையில் விழும். அவர் அப்படியே முன்அனுப்பக்கூடிய நாலு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். எதிர்த்தரப்பிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே இணைக்கச் சொல்லுங்கள். இணைத்ததும் அன்றைக்குள் பதில் போடுங்கள். அறிமுகம் செய்தவருக்கு நன்றி சொல்லி, மேற்கொண்டு வரும் மின்னஞ்சல்களிலிருந்து அவரை விடுவியுங்கள். சந்திப்பு முடிந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு வரி. வியாபாரம் படியவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். அவர் உங்களுக்காகக் கொடுத்தது தன் பெயரை. அது பத்திரமாக இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எங்களிடம் பணமும் இல்லை, பெயரும் இல்லை. கொடுக்க என்ன இருக்கிறது?

நேரமும் கவனமும். ஐம்பது வயது முதலாளிக்கு இல்லாதது அதுதான். ஓர் ஆலையின் 12 மாத மின்கட்டண ரசீதுகளை வாங்கி ஒரே தாளில் வரைபடமாக்கி, பவர் ஃபாக்டர் (இழுத்த மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆன பங்கு) எந்த மாதம் சரிந்தது, மேக்ஸிமம் டிமாண்ட் (மாதத்தின் உச்ச மின்தேவை) எப்போது எகிறியது என்று குறித்துக் கொடுங்கள். உங்களுக்கு அது ஒரு மாலை வேலை. அவரோ அதைத் தேதி போட்டு ஃபைலில் வைப்பார். மின்பராமரிப்பு ஆளுக்கு இன்னும் எளிது: அவர் மேலே அனுப்ப வேண்டிய மாத அறிக்கை உங்கள் கருவியிலிருந்து தானாக வந்துவிட்டால் அவர் உங்கள் பக்கம்.

கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. "பக்கத்து மில்லில் கிலோ நூலுக்கு இத்தனை யூனிட் ஆகிறது" என்று சொல்ல நாக்கு துடிக்கும்; முதலாளியும் கண்கள் விரியக் கேட்பார். ஆனால் நீங்கள் படியிறங்கும்போது, தன் எண்ணும் நாளை பக்கத்து மில்லுக்குப் போகும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். ஐந்தாறு ஆலைகளின் சராசரியைப் பெயரின்றி, அவர்கள் ஒப்புதலோடு சொல்வது வேறு. இரண்டே ஆலையின் சராசரி என்றால் ரகசியம் அதிலேயே உடைந்துவிடும்.

முதல் ஆலையில் சோதனைக்கு இலவசமாகவே வைத்துவிடலாமா?

வேண்டாம். முழு விலை கேட்க முடியாவிட்டாலும் பொருட்செலவையாவது வாங்குங்கள். நன்றாக ஓடினால் முழு ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இலவசக் கருவி பேனலுக்குள் தூசி படிந்து கிடக்கும். காசு கொடுத்த கருவி நின்றால் அன்றே தொலைபேசி அடிக்கும். அந்த அழைப்புதான் உங்களுக்கு வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவை: எந்தெந்த இயந்திரம், எத்தனை வாரம் (எட்டு வாரம் சரியாக இருக்கும்: இரண்டு வாரம் வெறும் அளவீடு, ஆறு வாரம் மாற்றத்தோடு), வெற்றியை எந்த எண்ணால் அளப்பது, அந்த எண் வந்தால் அடுத்து எத்தனை கருவி வாங்குவார், தரவு யாருடையது, ஆலையின் பெயரை நீங்கள் வெளியே சொல்லலாமா.

சறுக்குவது பெரும்பாலும் மூன்றாவதில். நூற்பாலையில் அளவுகோல் "யூகேஜி", அதாவது ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம். நூல் மெல்லியதாக ஆக இது ஏறும். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது; சோதனையின் நடுவில் ஆலை 40-ஆம் நம்பரிலிருந்து 60-ஆம் நம்பருக்கு மாறினால், கருவி எவ்வளவு மிச்சம் பிடித்திருந்தாலும் யூகேஜி கூடியிருக்கும். "உங்கள் மெஷின் வந்த பிறகு கரண்ட் அதிகமாகிவிட்டது" என்பார் முதலாளி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு. எனவே 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிட்ட யூகேஜியைத்தான் ஒப்பிட வேண்டும் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (ஆலைக்குள் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் அமைப்பு) குறைவாக ஓடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மழை செய்ததை நீங்கள் செய்ததாகச் சொல்லி, கோடையில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது சறுக்கல், நிறுத்தம் கேட்பது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் பேனலை அரைமணி நேரம் அணைக்கச் சொன்னால் முகம் கோணும். கேபிளைச் சுற்றிப் பிளந்து மாட்டக்கூடிய சிடி (மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) கொண்டுபோனால் கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. மீட்டருக்கு வோல்டேஜ் இணைப்பு தரும் வேலையை வாராந்திரப் பராமரிப்பு நிறுத்தத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எலக்ட்ரீஷியன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தான் மாட்டிய கருவியை யாரும் குறைசொல்லிக் கழற்ற மாட்டார்.

ஆலோசகர் ஒருவர் கம்பெனியில் 5% பங்கு கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட "ஃபாஸ்ட்" மாதிரி ஒப்பந்தம் பல நாடுகளில் புழங்குகிறது. அதில் தொடக்க நிலை நிறுவனத்தின் ஆலோசகருக்குக் அவ்வப்போது யோசனை சொல்பவருக்கு 0.25%, முழு மூச்சாக ஆட்களையும் திட்டங்களையும் கொண்டுவருபவருக்கு 1% என்ற அளவுதான். அதுவும் மொத்தமாக அல்ல: இரண்டு வருடத்தில் மாதம் மாதமாகச் சேரும், முதல் மூன்று மாதத்துக்குள் பிரிந்தால் எதுவும் இல்லை. 10 லட்சம் பங்குள்ள கம்பெனியில் 0.5% என்றால் 5,000 பங்கு, மாதத்துக்குச் சுமார் 208. இப்படி எண்ணாகச் சொல்லும்போது இருவருக்கும் சூடு தணிந்துவிடும்.

இந்தியாவில் ஒரு முடிச்சு உண்டு. கம்பெனிச் சட்டப்படி ஈசாப் (முன்பே குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) ஊழியருக்கும், சுயேச்சை இயக்குநர் அல்லாத இயக்குநருக்கும்தான். உழைப்புக்கோ அறிவுக்கோ ஈடாகத் தரும் பங்கான ஸ்வெட் ஈக்விட்டியும் ஊழியர், இயக்குநரோடு நின்றுவிடும். வெளியிலிருந்து யோசனை சொல்பவர் இந்த இரண்டுக்குள்ளும் வரமாட்டார். இணையத்தில் கிடைத்த அமெரிக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்கும்போது விழிப்பவர்கள் உண்டு. வழிகள் இரண்டு: பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் விலைக்கு அவர் பணம் கொடுத்துப் பங்கு வாங்குவது, அல்லது பங்கின் மதிப்பு கூடும் அளவுக்குப் பின்னால் ரொக்கமாகத் தரும் "பேன்டம் ஸ்டாக்" ஒப்பந்தம். கம்பெனி செக்ரட்டரியைக் கேட்காமல் எதிலும் இறங்காதீர்கள்.

அதற்கும் முன்னால் மூன்று மாதம் பங்குப் பேச்சே இல்லாமல் வேலை செய்து பாருங்கள். மாதம் ஒரு மணி நேரச் சந்திப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. மூன்றில் இரண்டுக்கு அவர் வரவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

நண்பர்களும் உறவினர்களும் பணம் போடத் தயார். வாங்கலாமா?

உறவு கெடுவது பணம் போனதால் மட்டும் அல்ல. எந்தக் கணக்கில் வாங்கினோம் என்பதே தெளிவில்லாமல் போவதால். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பங்குதாரராக இல்லாத நண்பரிடம் கைமாற்றாகக் கடன் வாங்கினால் அது சட்டத்தின் பார்வையில் "டெபாசிட்", வாங்கக் கூடாது. இயக்குநரும் அவரது உறவினரும் கடன் தரலாம், அந்தப் பணத்தைத் தாம் பிறரிடம் கடன் வாங்கித் தரவில்லை என்று எழுதிக் கொடுத்து. டிபிஐஐடி என்ற மத்திய அரசுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், பின்னால் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரமான கன்வெர்ட்டிபிள் நோட் கொடுக்கலாம், ஆனால் ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும்.

பங்காகக் கொடுப்பதென்றால் பெயர் குறித்த ஆட்களுக்கு மட்டும், நிதியாண்டில் 200 பேருக்கு மேற்படாமல், வங்கி வழியாக. பணம் வந்த 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளில் படிவம் தாக்கலாக வேண்டும். தாக்கலாகும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் "நம்ம கம்பெனியில் பங்கு வேண்டுமா" என்று போடுவது விளம்பரம் செய்த கணக்கில் வரும். சட்டம் தடுப்பது அதைத்தான்.

சித்தப்பாவிடம் வாங்குவதாயிருந்தால், முழுதும் போனால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்று முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்தது என்றால் வாங்காதீர்கள்.

பெட்டி அடித்துத் தருபவர், போர்டு செய்பவர் எல்லாம் கடனுக்குத் தருகிறார்கள். இதை எப்படிக் காப்பாற்றுவது?

சொன்ன தேதியில் பணம். இதைவிடப் பெரிய நட்பு பட்டறைக்காரருக்குக் கிடையாது. அவருக்குச் சனிக்கிழமை கூலி இருக்கிறது. 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் பொருளை ஏற்ற 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் ஆண்டு முடிவில் பாக்கியிருக்கும் தொகையை அந்த வருடச் செலவாக வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம்.

இதே சட்டம் ஆலையிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கும் பொருந்தும். உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முதல் ஆர்டருக்கு முன்பே முடித்து, எண்ணை பில்லில் அச்சிடுங்கள். ஆனால் தாமதப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுப்பதைக் கடைசிக் கருவியாக வையுங்கள்; கொடுத்த அன்றே அந்த ஆலையோடு உறவு முடிந்தது என்று கொள்ளலாம். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "30 நாள்" என்று எழுதி வாங்குவதும், 25-ஆம் நாள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவரை மரியாதையாக ஒருமுறை கூப்பிடுவதும் பெரும்பாலும் போதும்.

பேசப்படாத ஒன்று ஜிஎஸ்டி. மாதாந்திரம் தாக்கல் செய்பவர் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட்டால்தான் 14-ஆம் தேதி உருவாகும் வாடிக்கையாளரின் 2பி (அவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரி) பட்டியலில் உங்கள் பில் தெரியும். 5 லட்சம் ரூபாய் பில்லுக்கு 18% என்றால் 90,000 ரூபாய் வரி வரவு; நீங்கள் மறந்தால் அவருக்கு அது ஒரு மாதம் தள்ளிப்போகும். காலாண்டுத் தாக்கல் செய்யும் சின்ன கம்பெனி, இடைப்பட்ட இரண்டு மாதமும் 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தின் ஐஎஃப்எஃப் வசதி வழியாகப் பில்லை ஏற்றலாம். ஆலையின் அக்கவுண்டன்ட் உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது. உங்கள் செக் எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்பதும் அவர் கையில்தானே.

பெரிய நிறுவனம் ஒன்று, "வேறு யாருக்கும் விற்காதே, நாங்கள் வளர்த்துவிடுகிறோம்" என்கிறது.

விலை கேளுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை கருவி வாங்குவார்கள், வாங்காவிட்டாலும் எவ்வளவு தருவார்கள், எத்தனை மாதம், எந்தத் துறைக்குள். நூற்பாலைக்கு மட்டும் 12 மாதம், குறைந்தபட்ச எண்ணிக்கையோடு என்றால் பேசலாம். எண்ணே இல்லாத வாக்குறுதிக்கு உங்கள் சந்தையைக் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னவர் அடுத்த வருடம் வேறு பொறுப்புக்கு மாறியிருப்பார்.

முதலீட்டாளர்களோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுவது?

மாதம் ஒரு கடிதம், முதல் வாரத்துக்குள், ஒரு பக்கம். கையிருப்பு, மாதச் செலவு, எத்தனை மாதம் தாங்கும் (36 லட்சம் இருந்து மாதம் 4 லட்சம் போனால் 9 மாதம்), விற்பனை, இழந்த வாடிக்கையாளர், ஒரே ஓர் உதவி. "யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்பது உதவி கேட்பதாகாது. "திருப்பூர் சாய ஆலைகளில் பராமரிப்பு மேலாளர் ஒருவரோடு பேச வேண்டும்" என்பதுதான் கேட்பது. கெட்ட செய்தியைக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றவர்களுக்கும், அவர்கள் சரி என்றால், இதே கடிதம் போகலாம்.

கண்காட்சிகளுக்குப் போவது பயன் தருமா?

போகுமுன் ஐந்து பேரைக் குறித்து நேரம் வாங்கியிருந்தால் தரும். வாங்கிய கார்டின் பின்புறம் என்ன பேசினோம் என்று நின்ற இடத்திலேயே எழுதுங்கள். மாலைக்குள் மறந்துவிடும்.

தினமும் யாராவது "காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாமா" என்கிறார்கள். எப்படி மறுப்பது?

கேள்வியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதியவருக்குப் பத்து வரியில் பதில் போடுங்கள்; அது காபியைவிட அவருக்குப் பயன்படும். "பார்க்கலாம்ங்க" என்று இழுக்காதீர்கள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருப்பார்.

எங்களுக்குத் தெரிந்த மின்பராமரிப்புப் பொறுப்பாளர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். இனி என்ன செய்வது?

இரண்டு வேலை, இரண்டும் அந்த வாரத்திலேயே. பழைய ஆலைக்கு நேரில் போய்ப் புதிதாக வந்தவருக்குக் கருவியை ஆரம்பத்திலிருந்து காட்டுங்கள். பாஸ்வேர்டு, ஒயரிங் படம், மாத அறிக்கை போகும் மின்னஞ்சல் எல்லாவற்றையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். முன்னவர் கொண்டுவந்தது என்பதாலேயே கழற்றிவிடும் பழக்கம் ஆலைகளில் உண்டு. போனவருக்கு ஒரு வாழ்த்து மட்டும், வியாபாரம் பேசாமல். புது இடத்தில் ஒரு மில்லின் பேனல்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு, மூன்று மாதமாகும். நாலாவது மாதம் கூப்பிடுங்கள்.